கீரிப்பாறை பஸ்ஸில் வந்த அபிப்பிராயங்கள்

“டீச்சரே, நேத்து நீங்க குடுத்துவிட்ட பிளேட்டு நர்ஸம்மாவுக்குப் பிடிக்கல்ல. என்ன சொன்னாவன்னு ஒரு எழுத்து கூட்டாம கொறைக்காம சொல்லட்டா?”

ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். உள்ளே வரமாட்டார். வயசுப் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்து தைக்கிற இடம் என்பதால் என் வாசற்படியை அவர் மிதித்ததில்லை. காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, காதில் செருகிய பென்சில். சொல்வதற்கு முன்னால் இடது காது மடலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுப்பார். பிறகு குரல் மாறிவிடும். கொஞ்சம் அதட்டலும் கொஞ்சம் கேலியுமாக ஒரு பெண்பிள்ளை பேசுகிற மாதிரி இருக்கும்.

“‘இந்த அம்மா நல்லாத்தான் பாடுகா. ஆனா, ஊசி போடும்போ பிள்ளையளுக்குப் பேச்சுக் குடுத்து ஏமாத்துவோம்லா, அந்த மாதிரிப் பாடுகா. டீச்சர் ஏமாந்திருப்பா. நான் ஏமாறமாட்டேன்.’ இதான் நர்ஸம்மா சொன்னது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் போன பிறகு அந்தக் கிராமபோன் பிளேட்டைத் திரும்பவும் போட்டுக் கேட்பேன். கேட்கக் கேட்க நர்ஸ் சொன்னது சரிதான் என்று தோன்றும். அந்தப் பாடகி நிஜமாகவே பேச்சுக் கொடுத்து ஏமாற்றுகிறாள்! இதை நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்?

வடசேரியிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போகிற பஸ்ஸில் அவர் கண்டக்டர். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எல்லாரும் ‘கண்டக்டரே’ என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நாற்பது வயது இருக்கும். வீடு எங்கே, மனைவி மக்கள் உண்டா என்றெல்லாம் ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் பேசியதெல்லாம் பிளேட்டுகளைப் பற்றியும் கீரிப்பாறை நர்ஸைப் பற்றியும்தான்.

எனக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே வள்ளியூர்ப் பக்கம். சுதந்திரம் வந்த மறு வருஷம் கல்யாணமாகி வடசேரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. முதல் தடவை லீவில் வந்தபோது பழைய கிராமபோன் பெட்டி ஒன்றும் பதினோரு பிளேட்டும் கொண்டுவந்தார். ஒரு வாரம் சாவி கொடுத்துக் கேட்டார். பிறகு அவருக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது, எனக்குப் பிடித்துக்கொண்டது. அவர் கப்பலேறிய பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு ஆரம்பித்தேன். சாயங்காலம் பெண்கள் துணியை மடித்து வைக்கிற நேரத்தில் ஒரு பிளேட்டு போடுவேன்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் கண்டக்டர் முதல்முதலாக ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“இதே மாதிரிப் பெட்டி ஒண்ணு கீரிப்பாறை எஸ்டேட்டு நர்ஸம்மாகிட்ட உண்டும்,” என்றார். “வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குப் போகும்போ குடுத்துட்டுப் போனது. கூட இருக்கது பூரா பேண்டு வாத்தியப் பிளேட்டு. கேட்டுக் கேட்டுச் சடைச்சுப் போச்சுன்னு சொன்னாவ. ஒங்க பிளேட்டு ஒண்ணு தாருங்கோ. நாளைக்குச் சாயங்காலம் கையில கொண்டுதந்துருவேன்.”

முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. கொடுத்தேன். மறுநாள் அந்தப் பிளேட்டும், பதிலுக்கு ஒரு மலையாளப் பிளேட்டும் வந்தன. கூடவே நர்ஸின் அபிப்பிராயமும் வந்தது.

நீங்கள் கேட்கலாம், ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கக் கூடாதா என்று. நர்ஸ் வடக்கே மலையாளத்துக்காரி. தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. எனக்கோ மலையாள எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. “சீட்டு என்னத்துக்கு? நான் இருக்கேன்லா,” என்றார் அவர். அவருக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பாதையில் ஊருக்கு ஊர் ஆட்களின் சேதியை வாய்வழியாகக் கொண்டுசேர்க்கிறவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. பசுமாடு கன்று போட்டதிலிருந்து கல்யாணத் தேதி வரை எல்லாம் அவர் காது மடலில்தான் இருந்தன.

பிளேட்டை அவர் வாங்குகிற விதமே தனி. இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டுவார். சூடான அப்பளத்தை வாங்குகிற மாதிரி விளிம்பில் மட்டும் விரல் படும். அகலமான பிஸ்கட் டப்பா ஒன்றில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு வைத்திருந்தார். அதற்குள் வைத்து, இஞ்சின் சூடு படாத இடமாகப் பார்த்து ஏற்றுவார். ஒரு சந்தை நாளில் பஸ்ஸில் காலை ஊன்ற இடமில்லை. யாரோ ஒரு கிழவி டப்பாவின் மேல் வாழைக்குலையை வைத்துவிட்டாள். அவர் டப்பாவை உருவி எடுத்து, தடிக்காரன்கோணம் வரை தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, டிக்கெட்டைப் பல்லில் கடித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே போனாராம். என்னிடம் தையல் படித்த பூதப்பாண்டிப் பெண் சொன்னாள். அந்தக் காலத்துப் பிளேட்டு கையிலிருந்து நழுவினால் ஓடு மாதிரிச் சிதறிவிடும். ஐந்து வருஷத்தில் ஒன்றுகூட உடையவில்லை.

நர்ஸும் நானும் இப்படிப் பேசிக்கொண்டோம். நாகசுரப் பிளேட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாளாம், “முதல் பக்கம் டாக்டர் வாற மாதிரி இருக்கு, ரெண்டாம் பக்கம் டாக்டர் போன பொறவு உள்ள ஆஸ்பத்திரி.” எட்டுப் பிளேட்டு சேர்ந்த ஒரு நாடகச் செட்டை வாரம் ஒன்றாக அனுப்பினேன். ஐந்தாவது பிளேட்டோடு அவள் நிறுத்திவிட்டாள். “இனி இந்தக் கதாநாயகி அழுவா. அழாம இருக்கும்போதே விட்டுருகேன்” என்று சொல்லி அனுப்பினாள். அவள் திருவனந்தபுரம் போய் வரும்போது எனக்கென்று ஒரு வயலின் பிளேட்டு வாங்கி அனுப்பினாள். அதைத் தனியாக இருக்கும்போது கேட்கவேண்டுமாம், துணி தைத்துக்கொண்டே கேட்டால் அவளுக்குக் கோபம் வருமாம்.

எப்படிப்பட்ட பெண் இவள் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன். உயரமாக, கூர்மையான மூக்கோடு, வெடுக்கென்று பேசுகிறவளாக என் மனசில் ஒரு உருவம் வந்துவிட்டது. எனக்கு வடசேரியில் சிநேகிதி என்று யாரும் இல்லை. மாமியார் வீட்டுச் சனங்கள் என் பேச்சைக் கேட்டாலே, எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவள் என்று, ‘பாண்டிக்காரி’ என்பார்கள். பதினெட்டு மைல் தள்ளி, பார்த்தே இராத ஒருத்திதான் எனக்கு நெருக்கம்.

பிறகு ஒரு வருஷம் கொழும்பிலிருந்து கடிதம் வருவது நின்றது. மாதம் ஒன்று தவறாமல் வந்துகொண்டிருந்தது, மூன்று மாதம் ஒன்றுமே வரவில்லை. அங்கே இந்தியாக்காரர்களுக்குக் கஷ்டகாலம் என்று ஒருவர் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று இன்னொருத்தி என் காதுபடவே சொன்னாள். வகுப்புக்குப் பெண்கள் வருவது குறைந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வள்ளியூருக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். கண்டக்டர் ஜன்னலுக்கு வந்தபோது, “இனி பிளேட்டு கொண்டுவராதிய. பெட்டிய விக்கப்போறேன். நர்ஸம்மாகிட்ட சொல்லிருங்க,” என்றேன். அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் திரும்ப வந்தார். என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒரு பிளேட்டின் பெயரைச் சொன்னார். ஒரு அம்மா பாடிய பழைய பாட்டு அது.

“‘பெட்டியை விக்கதானா வித்துக்கோ. அதுக்கு மின்னே ஒரு காரியம் செய்யணும். அந்தப் பிளேட்டுல ரெண்டாம் பக்கத்துல ஒரு எடத்துல பாடுகவ மூச்சு விட மறந்து போயிட்டா. எனக்கு அந்த எடம் தெரியும். டீச்சர் கண்டுபிடிக்காளான்னு பாப்போம்.’ இதான் நர்ஸம்மா சொன்னது டீச்சரே.”

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். அன்றைக்கு இருபது தடவை கேட்டிருப்பேன். மறுநாளும் கேட்டேன். ஊசி தேய்ந்தது, புது ஊசி வாங்க வெளியே போனேன். வெளியே போனதால் தலை வாரிக்கொண்டேன். ஒன்பதாவது நாள் கண்டுபிடித்தேன். சரணத்தில் மூன்றாவது வரி முடிந்து நாலாவது வரி தொடங்குகிற இடம். அங்கே அவள் மூச்சே விடவில்லை! ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறாள். அதை ஜன்னலில் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் பதில் வந்தது: “அதே எடந்தான். டீச்சரு கெட்டிக்காரி.”

பெட்டியை விற்கவில்லை. வள்ளியூருக்கும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். மறு வருஷம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். ஆனால் அந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது நர்ஸ் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். ஒரு வாரம் கண்டக்டர் பஸ்ஸில் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். அவருக்குப் பதிலாக வந்தவன் சின்ன வயசுக்காரன். ஜன்னல் பக்கம் வந்து, சைக்கிளில் போகிறவன் வழி கேட்பது மாதிரிச் சொன்னான்.

“கீரிப்பாறை நர்ஸு வேலையை விட்டுட்டு வியாழக்கிழமை ஊருக்குப் போறாவ. ஒங்க பிளேட்டு மூணு அங்க இருக்காம். வேணும்னா வந்து எடுத்துக்கிடணுமாம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து வருஷச் சிநேகிதத்துக்கு இதுதானா கடைசி வார்த்தை? ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பாதையில் அதுவரை நான் போனதே இல்லை.

பூதப்பாண்டியில் பஸ் நின்றதும் ஒரு பெண் ஓடிவந்து படியில் ஏறி அந்தப் புதுக் கண்டக்டரின் சட்டையைப் பிடித்தாள்.

“எங்க மாமியா அப்பிடிச் சொல்லியிருக்கவே மாட்டாவ! ‘கேட்ட நெல்லு தரமுடியாது, நடையும் ஏறவேண்டாம்’னா சொன்னாவ? நாலு வருசமா ஒரு கடுஞ்சொல்லு அவ்வொ வாயில வந்ததில்ல. நீ என்னல கொளறியிருக்க?”

“அவ்வொ சொன்னதை அப்பிடியே சொன்னேன். எனக்கென்ன வந்தது?” என்றான் அவன்.

“பழைய கண்டக்டரைக் கூப்பிடு! அவருக்குத்தான் வெவரமாச் சொல்லத் தெரியும்!”

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நர்ஸ் வீடு ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. கதவைத் திறந்தவள் குட்டையாக, பருமனாக, சாந்தமான முகத்தோடு இருந்தாள். வேலைக்காரி என்று நினைத்து, “நர்ஸம்மா இல்லியா?” என்று கேட்டேன். “நான்தான்,” என்றாள். நான் யாரென்று சொன்னதும் அவளும் திகைத்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட, அறுபது வயசுக் கண்டிப்பான டீச்சர் என்று அவள் என்னை நினைத்திருந்தாளாம். எனக்கு அப்போது இருபத்தெட்டு.

காப்பி கொடுத்தாள். எங்களுக்குப் பேச்சே வரவில்லை. கடைசியில் நான், “அந்தப் பாடகி ஊசி போடுத மாதிரிப் பிள்ளைய ஏமாத்துதான்னு சொன்னியளே, அதை நான் எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?” என்றேன்.

அவள் விழித்தாள். “நான் அப்படி ஒண்ணும் பறஞ்சில்லையே டீச்சரே.”

டாக்டர் வருகிற மாதிரியான நாகசுரத்தைச் சொன்னேன். அதுவும் இல்லை. கதாநாயகி அழுவதற்கு முன்னால் நிறுத்தியதைச் சொன்னேன். “எட்டுப் பிளேட்டும் கேட்டேனே! நல்லாக் கரைஞ்சேன், அழுதேன்,” என்றாள்.

“அப்போ அவருகிட்ட நீங்க என்னதான் சொல்லுவிய?”

“‘கொள்ளாம்’னு சொல்லுவேன். நல்லா இருக்குன்னு அர்த்தம். எனக்குப் பாட்டுக் கேட்கத் தெரியும், அதைப் பற்றிப் பேசத் தெரியாது.”

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் சொன்னதாக அவளுக்கு வந்தவை. ‘தையல் விழுந்த இடம் தெரியாத பாட்டு.’ ‘ஓரம் அடிக்காத துணி மாதிரி, இழுத்தால் முழுக்கப் பிரிந்துவரும்.’ அவ்வளவும் என் தொழிலைத் தொட்ட பேச்சு, ஒன்றும் நான் சொன்னதில்லை. நான் சொல்லி அனுப்பியதை நினைத்துப் பார்த்தேன். ‘நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிருங்க.’ ‘போன தடவை வந்த அளவுக்கு இல்லை.’ அதற்கு மேல் நானும் பேசியிருக்கவில்லை.

“அந்த மூச்சு?” என்றேன். எந்த மாதம் என்று சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்த மாதம் முழுவதும் அவள் கீரிப்பாறையிலேயே இல்லை. தங்கையின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

என் மூன்று பிளேட்டில் அந்தப் பிளேட்டும் இருந்தது. இரண்டு பேரும் அதைப் போட்டுக் கேட்டோம். மூன்றாவது வரி முடிந்தபோது நான் அவள் கையைப் பிடித்து, “இந்தா, இங்கதான்,” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். “இல்ல டீச்சரே, மூச்சு விடுகாளே. சின்னதா ஒண்ணு.” திரும்பப் போட்டோம். எனக்கு மூச்சு கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது. மூன்றாம் தடவை எனக்கும் கேட்ட மாதிரி இருந்தது. நாலாம் தடவை இல்லை.

நர்ஸ் வேறு ஒரு பிளேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட ஞாபகம் எனக்கு இருந்தது.

“இது எனக்கு யார் தந்தது தெரியுமா?” என்றாள். அவளுடைய அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார், பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்தபோது இந்தப் பிளேட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். முப்பத்திரண்டு வயசில் வந்த வரன். அவளுக்குத் தீர்மானம் செய்ய முடியவில்லை. “டீச்சர் கேட்டுப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும்” என்று கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

“நான் நல்லா இருக்குன்னு சொன்னேனே!” என்றேன். “எனக்கும் ஒண்ணு வாங்கணும்னுகூடச் சொன்னேன். யாரு குடுத்ததுன்னு எனக்கு அவரு சொல்லவே இல்லியே.”

“எனக்கு வந்த வார்த்தை அதில்ல,” என்றாள் அவள். “‘மொத வரியிலயே எல்லாத்தையும் பாடித் தீத்துட்டான். மிச்சம் உள்ள நேரத்துக்கு அவன்கிட்ட என்ன உண்டு?’ டீச்சர் அப்படிக் கேட்டதாத்தான் வந்தது. அண்ணன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அந்தப் பிளேட்டை அவள் மடியிலிருந்து வாங்கிப் பார்த்தேன்.

“சங்கடமா?” என்று கேட்டேன்.

“அறியில்ல டீச்சரே. இதுவரை சங்கடம் இல்ல. உங்க வார்த்தைன்னு நினைச்சு இருந்தேன். இப்போ யோசிச்சுப் பாக்கணும்.”

பஸ் ஹார்ன் அடித்தது. என்னை அனுப்பும்போது அவள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கும் அவளை விடத் தோன்றவில்லை. ஆனால் யாரை விட்டுப் பிரிகிறேன் என்று தெளிவாக இல்லை. ஐந்து வருஷம் நான் பேசிக்கொண்டிருந்த அந்த வெடுக்குக்காரி இவள் இல்லை. அவள் எங்கேயும் இல்லை. என்றாலும் நான் அவளுக்காகத்தான் பாட்டுக் கேட்டேன், அவள் சொல்லித்தான் எனக்கு இது பிடிக்கும் இது பிடிக்காது என்று ஆனது. இறக்கத்தில் பஸ் வரும்போது, எனக்கு உண்மையாகவே பிடித்த பாட்டு எது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை நர்ஸ் ஊருக்குப் போனாள். காய்ச்சல் விட்டு அன்றைக்குத்தான் பழைய கண்டக்டர் வேலைக்கு வந்திருந்தார். அவளுடைய பெட்டியை வடசேரியில் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றி விட்டதும் அவர்தான். சனிக்கிழமை சாயங்காலம், பெண்கள் போன பிறகு, ஜன்னல் பக்கம் வந்தார். மெலிந்திருந்தார். நான் கதவைத் திறந்து, “உள்ள வாருங்க,” என்றேன். முதல் தடவையாக வந்தார். தையல் மெஷின்களுக்கு நடுவில் கிடந்த பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார்.

“நர்ஸம்மா வாயைத் தெறந்தா ‘கொள்ளாம்’தான். இத்தனை வருஷம் நீங்க சொன்னதெல்லாம் யாரு சொன்னது?”

“அவ்வொ சொன்னதுதான்.”

“இல்லைன்னு அவளே சொல்லியாச்சு.”

அவர் காது மடலை இழுத்துக்கொண்டார். “கொள்ளாம்ங்கதை எல்லாப் பிளேட்டுக்கும் ஒரே மாதிரியா சொன்னாவ? ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரில்லா சொன்னாவ டீச்சரே. நீங்க கூட நிக்கல்ல. நான் நின்னேன்.”

“சரி. அவ ஊருல இல்லாதப்போ வந்த வார்த்தை? அந்த மூச்சு விடாத எடம்?”

“பெட்டியைக் கட்டிலுக்க அடியில தள்ளிட்டிய. வேற என்ன செய்யச் சொல்லுகிய?”

“அப்பிடி ஒரு எடம் உண்டா இல்லியா?”

“எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே கண்டுபிடிச்சிய.”

எனக்குக் கோபம் பொங்கியது. அவளுடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் தோல் பையின் வாரை அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த வாத்தியார் ரெண்டு தடவை நம்ம பஸ்ஸில வந்தாரு,” என்றார். “ரெண்டு தடவையும் சில்லறை வாங்கும்போ என் கையில படாம வாங்கினாரு. கையைத் தாழ்த்தி, மேல இருந்து போடச் சொல்லி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அதுக்காக ஒருத்தி வாழ்க்கையில…”

“அந்தப் பிளேட்டுக்கு மட்டும் நர்ஸம்மா கொள்ளாம்னு சொல்லல்ல டீச்சரே. சும்மா கையில தந்தாவ. அதையும் பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் செய்தது செரியா தப்பான்னு எனக்கும் பிடிகிட்டல்ல. காய்ச்சல்ல கெடக்கும்போ அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் எதற்கென்று திட்டுவது? அவளுக்குச் செய்ததற்குத் திட்டினால், எனக்குச் செய்ததற்கு என்ன சொல்வது? இரண்டும் ஒரே வேலைதானே.

“ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லுங்க,” என்றேன். “இந்தப் பிளேட்டையெல்லாம் எங்கயாவது ஓட்டல்ல குடுத்துப் போட்டுக் கேட்டியளா?”

“இல்ல.”

“ஒண்ணுகூடவா?”

“கொண்டுபோய்க் குடுக்கதுக்கே நேரம் செரியா இருக்கும். ஜன்னல்ல நிக்கும்போ நீங்க போட்டிருந்தா காதுல விழும். பெண்ணுவ சத்தமும் மெஷின் சத்தமுமா இருக்கும். முழுசா ஒரு பாட்டு நான் கேட்டதில்ல.”

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். அந்த வயலின் பிளேட்டை வைத்து, சாவி கொடுத்து, ஊசியை இறக்கினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். “இருங்க,” என்றேன், உட்கார்ந்தார். ஒரு பக்கம் மூன்று நிமிஷம். கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை. சுற்றுகிற பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து ஊசி சர் சர் என்று தேய்ந்தபோதுகூட அசையவில்லை. நான்தான் போய் எடுத்தேன்.

“எப்பிடி இருக்கு? யாரு சொன்னதும் வேண்டாம். ஒங்க வார்த்தையைச் சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சேதி சொல்வதற்கென்றே பிறந்த அந்த மனுஷர், பேச்சு வராமல் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பாமலேயே சொன்னார்.

“நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுகேன்.”

நர்ஸ் போய் இரண்டு நாளாகியிருந்தது. இனி இந்த ஆளோடு பேச்சில்லை என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தீர்மானமாக இருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நிழல் விழுந்தது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“டீச்சரே, அந்த வயலின் பிளேட்டைப் பத்தி நர்ஸம்மா சொன்னாவ.”

நான் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன். அவர் கீழே பார்த்தபடி, அவருக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில் சொன்னார்.

“‘தடிக்காரன்கோணம் எறக்கத்துல இஞ்சினை அணைச்சிட்டு பஸ்ஸு வரும்லா. ஆளெல்லாம் எறங்கியாச்சு, உள்ள ஒருத்தரும் கெடையாது. ரெண்டு பக்கமும் மரம் மட்டும் போகும். அந்த நேரத்துல வண்டி தன்னால ஓடுகா, யாராவது ஓட்டுகாவளான்னு தெரியாது. அந்தப் பிளேட்டு அப்பிடி இருக்கு.’ நர்ஸம்மா சொன்னது.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கை நீட்டுகிற தூரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பொறவு?” என்று கேட்டேன். “வேற என்ன சொன்னா?”